மட்டக்களப்பிலிருந்து மொஸ்கோவுக்கு: ஒரு செப்டம்பர் பயணம்

வியாழன், கல்லடி

நெப்போலியன் பொனபார்ட் இலங்கைக்கு வந்ததில்லை. ஆனாலும் இந்தப் பயணம் அவரைப் பற்றியது. மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கி பிரித்தானியக் கொடி ஏறியது, 1804இல் இங்கிருந்து புறப்பட்ட ஒரு சிறு படை கண்டிக்குள் நுழைந்து வெறுங்கையோடு வெளியேறியது, 1815இல் கண்டி இராச்சியமே முடிந்துபோனது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஐரோப்பாவில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு இருக்கிறது. அந்த நெருப்பில் முளைத்தவர் அவர். பிறகு அதை ஊதி ஊதிப் பெருக்கியவரும் அவர். பள்ளிக்கூடத்தில் ஐரோப்பிய வரலாறு ஒரு புத்தகம், இலங்கை வரலாறு இன்னொரு புத்தகம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்க மட்டக்களப்பைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

உதயதேவியில் வந்து இறங்கும்போது பின்னேரம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. ரயில் பெட்டி முழுக்கப் புழுதி. அக்கா வீட்டில் பிட்டும் இறால் குழம்பும். அக்காவின் மகன் உயர்தரத்தில் வரலாறு எடுத்திருக்கிறான். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கண் விரிந்துவிட்டது.

"அவ்வளவு நாட்டப் பிடிச்ச ஆள் மாமா. மறுகா என்னண்டு தோத்தவர்?"

"நாளைக்குக் கோட்டையில வச்சுச் சொல்றன், படு" என்றேன்.

வெள்ளி, புளியந்தீவு

காலை எட்டு மணிக்கெல்லாம் கோட்டைக்குப் போய்விட்டோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கைகோத்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு மூலையிலும் கொத்தளம். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், பல காலம் இதற்குள்தான் இயங்கியது. காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைந்த எங்கள் ஆட்களுக்கு இது கோட்டை என்பதைவிடக் கந்தோர் என்றே பழக்கம்.

கொத்தளத்தின் மேல் ஏறி நின்றால் மதிலின் தடிப்பு தெரியும். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். சாந்து உதிர்ந்த இடங்களில் உள்ளே வைத்த கல் தெரிகிறது. மழைக்காலத்துப் பாசி காய்ந்து கறுத்துப் படையாக ஒட்டியிருக்கிறது, நகத்தால் கீறினால் தூளாக விழுகிறது. பீரங்கிகள் வாவியைப் பார்த்தபடி கிடக்கின்றன. ஒன்றின் வாய்க்குள் யாரோ தண்ணீர்ப் போத்தலைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். மருமகன் அதை இழுத்தெடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இவ்வளவு மதிலும் பீரங்கியும் இருந்தும் 1795 செப்டம்பர் 18ஆம் திகதி இந்தக் கோட்டை பிரித்தானியரிடம் சரணடைந்தது. காரணம் இங்கே இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை, உறைந்து கிடந்த ஆறுகளைத் தாண்டி ஒல்லாந்துக்குள் புகுந்தது. அந்நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகொன்றில் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். அங்கே கியூ அரண்மனையில் இருந்துகொண்டு, தன் குடியேற்ற நாடுகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்: பிரித்தானியப் படை வந்தால் உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகாமல் அவர்கள் காப்பார்கள் என்று. ஓகஸ்டில் திருகோணமலை, செப்டம்பரில் மட்டக்களப்பு, அதே மாதக் கடைசியில் யாழ்ப்பாணம், 1796 பெப்ரவரியில் கொழும்பு. ஒல்லாந்தரின் 150 வருடத்துக்கு மேற்பட்ட ஆட்சி ஆறேழு மாதத்தில் கரைந்துபோனது.

இங்கே கொடி மாறிய அந்த நாட்களில் பொனபார்ட் பாரிஸில் வேலையற்று நின்றார். வயது 26. பிறந்தது 1769இல், கோர்சிக்காத் தீவில். அதற்கு முந்திய ஆண்டுதான் ஜெனோவா அந்தத் தீவை பிரான்ஸிடம் கைமாற்றியிருந்தது. பிரெஞ்சு அவருக்குப் பள்ளியில் கற்ற மொழி. பேச்சில் தீவின் வாடை கடைசிவரை போகவில்லை. 1793இல் தூலோன் துறைமுகத்தை மீட்டதில் ஜெனரல் ஆனார், பிறகு அரசியல் காற்று மாறி ஒதுக்கப்பட்டார். மட்டக்களப்புக் கோட்டை விழுந்து பதினேழாம் நாள், ஒக்டோபர் 5ஆம் திகதி, பாரிஸில் அரசகட்சியினர் கிளர்ந்தெழுந்தபோது தெருவில் பீரங்கியை நிறுத்திச் சுட்டுக் கலைத்தார். அங்கிருந்து ஏறத் தொடங்கியவர்தான். 1796இல் இத்தாலி, 1798இல் எகிப்து, 1799 நவம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு. முப்பது வயதில் பிரான்ஸின் முதல் கொன்சல், அதாவது ஆட்சித் தலைவர்.

மருமகன் கேட்டான்: "அப்ப நம்மட கோட்டையப் பிரித்தானியருக்குக் குடுத்தது நெப்போலியன் இல்ல?"

1795இல் இல்லை. ஆனால் 1802இல் அவர்தான். அந்த ஆண்டு மார்ச்சில் அமியன் நகரில் பிரான்ஸும் பிரித்தானியாவும் சமாதானம் செய்துகொண்டன. போரில் பிடித்தவற்றில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருப்பித் தர பிரித்தானியா ஒத்துக்கொண்டது. அந்த இரண்டில் ஒன்று திரினிடாட், மற்றது இலங்கை. திரினிடாட் ஸ்பெயினுடையது. இலங்கை ஒல்லாந்தருடையது. இரண்டும் பிரான்ஸின் கூட்டாளி நாடுகளின் சொத்து! பிரான்ஸுக்குச் சொந்தமான ஒரு பிடி மண்ணையும் பொனபார்ட் விடவில்லை. அடுத்த வளவுக்காரனின் பசுவை அவிழ்த்துக் கொடுத்துத் தன் கடனை அடைத்தவர் மாதிரித்தான். இங்கே வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களிடமோ வட்டையில் நெல் விதைத்துக்கொண்டிருந்தவர்களிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு இதை நினைக்க நினைக்க ஆறவில்லை. ஒரு பேரரசனின் பெருமையை அவன் வென்ற களங்களை வைத்தே அளக்கப் பழகிவிட்டோம். அவன் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்ட ஊர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சனி, நகருக்குள்

இன்று அதிக தூரம் போகவில்லை. காந்திப் பூங்காப் பக்கம் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. மெதடிஸ்த மிஷன் அனுப்பிய முதல் குழுவில் ஒருவராக 1814இல் வந்தார். அவர்களை அழைத்துவந்த தலைவர் தோமஸ் கோக் வழியிலேயே கடலில் இறந்துபோனார். ஓல்ட் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார், தமிழ் படித்தார், அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே நோயில் போய்விட்டார். அவர் தொடங்கியது இன்றைக்கும் மத்திய கல்லூரியாக நடக்கிறது.

அவர் இங்கே வந்து இறங்கிய நாட்களில் பொனபார்ட் முடி துறந்து எல்பாத் தீவில் இருந்தார். ஓல்ட் இறந்த நாட்களில் எல்பாவிலிருந்து தப்பிப் பாரிஸில் மறுபடி அரியணையில் இருந்தார். இருவர் கதையையும் சேர்த்துச் சொன்னபோது அக்கா, "ரெண்டு பேர்ல ஆர்ட வேல மிச்சம் கிடக்கு எண்டு பாரு" என்றா. அக்கா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் வளர்ந்த பெண்களுக்கு இருபது வருடம் கணிதம் படிப்பித்தவ. சொல்ல உரிமை உண்டு.

பின்னேரம் எருமைத் தயிர் ஒரு முட்டி வாங்கி வந்தோம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர்.

ஞாயிறு, மகா ஓயா

இந்தப் பயணத்தில் நான் காத்திருந்த நாள் இது.

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பஸ் ஏறினோம். கொடுவாமடு, கரடியனாறு, பெரிய புல்லுமலை, அப்பால் அம்பாறை மாவட்டத்து மகா ஓயா. கடலோர எழுவான்கரை ஈரம் பின்னால் போகப் போக வெயில் கனக்கிறது. குளங்கள் அடிவற்றி, கரையில் மாடுகள் நிற்கின்றன. பெரும்போகத்துக்கு மழை பார்த்துக்கொண்டிருக்கும் வயல்கள். தூரத்தில் மலைகள் நீலமாக எழும்பி வருகின்றன.

1804 செப்டம்பர் 20ஆம் திகதி, இதே வெயில் காயும் மாதத்தில், கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ 300 பேரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டி நோக்கிப் புறப்பட்டார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதில் மூன்றிலொரு பங்கும் வராது, மற்றவர்கள் இந்நாட்டிலும் இந்தியாவிலும் திரட்டிய படையாட்கள். இவர்களுக்கு மேலே சுமை தூக்க வந்த கூலியாட்கள். இன்றைய தார் வீதி அன்று இல்லை, அவர்கள் போன தடமும் இதுவே என்று சொல்ல முடியாது. ஆனால் திசை இதுதான்: கடலை முதுகுக்கு விட்டு மலையைப் பார்த்து.

அதற்கு முதல் ஆண்டு நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். 1803 பெப்ரவரியில் பிரித்தானியப் படை கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கண்டிக்குள் புகுந்தது. தலைநகரில் ஆள் இல்லை. அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் திறைசேரியைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் போய்விட்டான், போகும்போது சில கட்டடங்களுக்குத் தீயும் வைத்தாயிற்று. வந்தவர்கள் முத்துசாமி என்பவரை அரியணையில் ஏற்றி, காவலுக்கு ஒரு படையை விட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பினார்கள். மழை வந்தது, காய்ச்சல் வந்தது, அரிசி வரவில்லை. ஜூன் 24ஆம் திகதி அந்தக் காவல் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலியைத் தாண்ட முடியாமல் ஆற்றங்கரையில் நின்ற அந்தப் படை அங்கேயே வெட்டிச் சாய்க்கப்பட்டது.

பழி தீர்க்க ஆளுநர் நோர்த் பல முனைகளிலிருந்தும் படை அனுப்பத் திட்டம் போட்டார். பிறகு அது கைவிடப்பட்டது. ஜோன்ஸ்டனுக்குப் போன கட்டளையில் தெளிவில்லை, தான் போகத்தான் வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒக்டோபர் 6ஆம் திகதி கண்டிக்குள் நுழைந்தார். மறுபடியும் ஆளில்லாத தலைநகர். மற்றப் படைகளைக் காணவில்லை. மலை முழுக்கக் கண்டி வீரர்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். கூலியாட்கள் சுமையைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். சில நாளிலேயே திருகோணமலைப் பாதையில் பின்வாங்கினார். வழி முழுக்க இரண்டு பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்தும் சூடு. பெரும்பகுதியை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார் என்பதற்காக அவரைப் புகழ்கிறார்கள். புகழட்டும், அது சின்ன வேலை இல்லை. ஆனால் கண்டியைப் பிடித்தவர் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கண்டி அந்த ஊருக்குள் இருக்கவில்லை. அது அரசனோடும் குடிகளோடும் மலைக்குள் இருந்தது.

அதே 1804 டிசம்பர் 2ஆம் திகதி பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தில், பாப்பரசர் பக்கத்தில் இருக்க, பொனபார்ட் தன் கையாலேயே முடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அதே நாளில் ஒஸ்டர்லிட்ஸ் வெற்றி. அதற்கடுத்த ஆண்டு பிரஷ்யா. அந்த மனிதரின் மூளையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எதிரி ஒன்றுசேர முன் தன் படையை அவனைவிட விரைவாக நடத்திக்கொண்டுபோய், ஒரு இடத்தில் குவித்து, ஒரே நாளில் முடிவு கட்டுவது அவர் முறை. ஊரை ஊரே சாப்பாடு போட வைத்து நடந்தார்கள் அவர் சிப்பாய்கள். வண்டிச் சுமை குறைவு, அதனால் வேகம். செழித்த ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அது பலித்தது. 1808இல் ஸ்பெயினில் தடுக்கியது. அங்கே ஒவ்வொரு மலையிடுக்கிலும் குடியானவன் துப்பாக்கியோடு நின்றான்.

பஸ்ஸில் மருமகனுக்கு வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் விரித்துக் காட்டினேன். 1812 ஜூன் 24இல் பொனபார்ட் ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைத் தாண்டுகிறார். எல்லாமாக 6 இலட்சத்துக்கு மேற்பட்ட படை. அதில் ஏறத்தாழப் பாதி பிரெஞ்சுக்காரரே இல்லை: போலந்தார், ஜெர்மானியர், இத்தாலியர். ரஷ்யர்கள் சண்டை கொடுக்காமல் பின்னே பின்னே போகிறார்கள், போகும்போது களஞ்சியங்களை எரித்துவிட்டு. செப்டம்பர் 7இல் பொரொடினோவில் ஒரு நாள் கொடூரச் சண்டை. செப்டம்பர் 14இல் மொஸ்கோ. திறவுகோலைக் கையில் கொடுக்கப் பிரபுக்கள் வருவார்கள் என்று நகர வாசலில் காத்து நின்றார். யாரும் வரவில்லை. அன்றிரவே தீ. ஐந்து கிழமை அந்தச் சாம்பலுக்குள் இருந்து, சார் மன்னனின் சமாதானக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் வரவில்லை. ஒக்டோபர் 19இல் திரும்பினார். பிறகு பனி, பசி, பெரெசினா ஆற்றைத் தாண்ட அவசரப் பாலம்.

"கண்டி மாதிரியே கிடக்கு மாமா."

அவனாகச் சொன்னான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. டேவியின் படை நின்ற மகாவலிக் கரையும் பெரெசினாக் கரையும் ஒரே கணக்குத்தான். பருவம் வேறு, ஆட்தொகை வேறு. ஒன்பது வருடத்துக்கு முதல் இந்தச் சின்னத் தீவில் நடந்த பாடத்தைப் பாரிஸில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் இவ்வளவு நேரமும் காது கொடுத்திருக்கிறார். புல்லுமலையில் இறங்க எழும்பும்போது என்னைப் பார்த்து, "ஊர விட்டுட்டுப் போறது லேசில்ல தம்பி" என்றார். "பிரச்சின காலத்துல நாங்களும் போனம். மாட்ட அவுத்து உட்டுட்டு, அவிச்ச நெல்லப் பாயில அப்பிடியே போட்டுட்டு. திரும்பி வாறத்துக்கு எத்தின வருசம்." அவ்வளவுதான் சொன்னார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதன்பிறகு நான் நெடுநேரம் பேசவில்லை. ஊரைக் காலியாக்கிப் பகைவனைத் தோற்கடித்த தந்திரம் என்று புத்தகங்கள் எழுதுகின்றன, நானும் இவ்வளவு நேரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். காலியாக்கப்பட்ட ஊரில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? மொஸ்கோவில் தூக்கிச்செல்ல வழியில்லாமல் விடப்பட்ட ரஷ்யக் காயக்காரர்கள் பல ஆயிரம். அவர்களில் பலர் அந்தத் தீயிலேயே செத்தார்கள். கண்டி மலைக்குள் ஓடிய குடிகள் அந்த மாரியில் எதைச் சாப்பிட்டார்கள்? பேரரசனின் வீழ்ச்சியை எழுதும்போது அந்தக் கணக்கையும் எழுதாவிட்டால் பாதிதான் எழுதியதாகும்.

மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சின்னச் சின்னக் கிணறுகளாகக் கட்டி விட்டிருக்கிறார்கள். ஒன்றில் கை வைக்கலாம், அடுத்ததில் விரல் நுனியும் வைக்க முடியாது. இரவு இங்கேயே தங்கல்.

திங்கள், அம்பாறை வழியாகக் காரைதீவு

அம்பாறைக்கு பஸ். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு வளர்ந்த நகரம், அகன்ற தெருக்கள். தேநீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் சம்மாந்துறை வட்டைகளுக்குள்ளால் கடற்கரைப் பக்கம் இறங்கினோம். இந்த இடங்களைப் பற்றி எழுதத் தனிப்பயணம் வேண்டும். இன்று என் மனம் 1815இலேயே நிற்கிறது.

அந்த ஆண்டு மார்ச் 1ஆம் திகதி பொனபார்ட் எல்பாவிலிருந்து தப்பி பிரான்ஸின் தெற்குக் கரையில் காலடி வைத்தார். அடுத்த நாள், மார்ச் 2, கண்டியில் பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்தார்கள். இந்தத் தடவை பிரித்தானியர் பல வழிகளாலும் ஒரேயடியாக ஏறினார்கள். மட்டக்களப்பிலிருந்தும் ஒரு படை போனது. 1803இல் மலையும் காடும் காய்ச்சலும் செய்த வேலையை 1815இல் செய்யவில்லையா என்று மருமகன் கேட்டான். அதே மலைதான், அதே காடுதான். அரசனோடு நிற்கப் பிரதானிகள் இல்லை. அவர்களில் ஒருவனான எகலபொல பிரித்தானியர் பக்கம் போனான். அதற்குப் பழியாக அவன் மனைவி மக்களை அரசன் கொன்றான். மிச்சமிருந்தவர்களும் மனம் விட்டுப்போனார்கள். பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலி ஆண்டுக்கணக்காக ஓலை ஓலையாக எழுதி அவர்களை இழுத்துவைத்திருந்தார். பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான்.

பொனபார்ட்டுக்கும் அதுதான் நடந்தது. 1813இல் லைப்சிக் களத்தில் சண்டை நடக்கும்போதே அவர் பக்கத்து ஜெர்மன் படைகள் எதிர்ப்பக்கம் மாறின. 1814 ஏப்ரலில், பாரிஸ் மீது படை நடத்துவோம் என்றபோது அவருடைய சொந்த மார்ஷல்கள் முகத்துக்கு நேரே மாட்டோம் என்றார்கள். பதினைந்து, இருபது வருடம் கூடவே குதிரையோட்டியவர்கள். வெற்றியை மட்டும் காட்டி ஆட்களைக் கட்டிவைத்தவருக்கு, வெற்றி நின்றதும் கட்டும் அவிழ்ந்தது. 1815 ஜூன் 18இல் வாட்டர்லூ. அங்கே அவரை முறித்த வெலிங்டன், 1800 டிசம்பரில் இந்தக் கரைக்கு வடக்கே திருகோணமலையில் ஒரு கடற்படையெடுப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவர். அப்போது அவர் பெயர் கேணல் ஆதர் வெல்லஸ்லி.

இரண்டு பேரையும் பிரித்தானியர் கப்பலில் ஏற்றினார்கள். பொனபார்ட்டை 1815 ஒக்டோபரில் அத்திலாந்திக் நடுவில் செயின்ட் ஹெலெனாவுக்கு. விக்கிரம இராசசிங்கனை 1816 ஜனவரியில் வேலூருக்கு. முன்னவர் 1821 மே 5இல் இறந்தார், 1840இல் உடலைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஊரே திரண்டு அடக்கம் செய்தது. மற்றவன் 1832 ஜனவரி 30இல் வேலூரிலேயே இறந்தான். கடைசி அரசன் அவன், தமிழும் தெரிந்தவன், இங்கே திரும்பவில்லை. அவனைக் கப்பலேற்றிய மறு ஆண்டே ஊவா வெல்லசவில் கிளர்ச்சி வெடித்தது, 1818இல் அதை அடக்கும்போது நேற்று நாங்கள் பார்த்த மலைகளுக்கு அந்தப் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் எரித்தார்கள்.

காரைதீவில் இறங்கும்போது மருமகன், "பரீட்சையில நெப்போலியன் வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டா கண்டியையும் எழுதலாமா மாமா?" என்றான். கேள்விக்கு வேண்டியதை முதலில் எழுது, ஸ்பெயினும் ரஷ்யாவும், பிரித்தானியப் பொருட்களை ஐரோப்பாவுக்குள் விடாமல் அவர் போட்ட கண்டத் தடையும் கட்டாயம் வேண்டும், நேரம் மிஞ்சினால் கண்டியை ஒரு பந்தியில் ஒப்பிட்டு எழுது என்றேன். திருத்துகிறவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நம்புகிறேன்.

வேலூரில் பாலாற்றங்கரையில் கண்டி அரசனுக்குத் தமிழ்நாட்டு அரசு கட்டிய முத்து மண்டபம் இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் வாசகர் யாராவது போய் ஒரு படம் எடுத்து அனுப்பினால், இந்தப் பதிவிலேயே சேர்த்துவிடுகிறேன்.